பாரூர் அடுப்பில் ஜவளகிரிக் களி

போன மாதம் சேகர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். ஓசூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபேக்டரி கேன்டீனுக்கு இப்போது அவன்தான் சூப்பர்வைசர். கையில் வழவழப்பான அட்டை ஒன்று வைத்திருந்தான். கேட்டரிங்காரர் கொடுத்ததாம். மேலே ரோஜா நிறத்தில் ‘வளைகாப்பு ஸ்பெஷல்’ என்று போட்டு, கீழே பலகாரங்களும் சோற்று வகைகளும் எறும்புச் சாரை மாதிரி இறங்கிக்கொண்டே போயின.

"யக்கா, எம் பொண்டாட்டிக்கு வர்ற மாசம் வளைகாப்பு. இதுல எது எது வெக்கலாம்னு நீங்க டிக் பண்ணிக் குடுங்க. நீங்க சொன்னா தப்பாப் போவாது."

"அவளக் கேட்டியா?"

"அவள எதுக்குக் கேக்கறது? அவளுக்கு சர்ப்ரைஸ்க்கா."

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உட்காரச் சொல்லிக் காப்பியைக் கையில் கொடுத்து, ஜவளகிரியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். முடித்தபோது காப்பியில் ஆடை படிந்திருந்தது. அவன் குடிக்கவே இல்லை. "இத எழுதி வைங்கக்கா, புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றான். மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதக் கற்றவள் நான். ஆனால் வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் அந்த வாயை வைத்துக்கொண்டு ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வரைக்கும் வந்தவள். பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்திக்கு ஆண்கள் சமைப்பார்கள். வளைகாப்பு, பெயர் வைப்பு, பெண் பெரியவளாகிற சடங்கு இவற்றுக்கு நாங்கள் போவோம். நாங்கள் என்றால் ராயக்கோட்டைக் கங்கம்மாக்காவின் கூட்டம். வேலை தேடிக் கோலார்ப் பக்கம் போன என் கணவர் திரும்பாமல் போனதும் நானும் அதில் சேர்ந்தேன். அரைத்தேன், நறுக்கினேன், அண்டாவுக்குள் இறங்கித் தேய்த்தேன், ஒரு நாள் கரண்டி கைக்கு வந்தது. படிப்பு என்றால் அவ்வளவுதான்.

கங்கம்மாக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் குள்ளம், குரல் பெரிது. எண்ணுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், கொஞ்சுவது தமிழில். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று படியை அளந்துகொண்டே வருவார், நாம் குறுக்கே பேசினால் "சும்னிரே" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல், அடுத்த நொடியே "என் கண்ணு, அந்த மொறத்த எடுத்துக் குடு." சமைத்ததை நாக்கில் வைத்துப் பார்க்கவே மாட்டார். சட்டிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பார். எண்ணெய் பேசுகிற சத்தம் மாறிவிட்டதாம், புளிக்காய்ச்சல் இறக்கலாமாம். இறக்கிப் பார்த்தால் எண்ணெய் பிரிந்து மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். எனக்கு அந்தக் காது இன்று வரை வாய்க்கவில்லை. நான் நாக்கை நம்பிப் பிழைத்தவள்.

அவருக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. எந்த வளைகாப்புக்குப் போனாலும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் போய் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்கக் கூடாது.

காரணம் இருந்தது. கர்ப்பிணி ஒன்றை ஆசைப்பட்டு வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் கன்னட வீடானாலும் இதில் மட்டும் பேச்சு ஒன்றுதான். "கேட்டவங்க தலைல அது விழுந்துடும்" என்பார் கங்கம்மாக்கா. "வெயில் காலத்துல சீத்தாப்பழம் கேட்டா எங்க போவே? மரம் கிட்டயா, மந்திரவாதி கிட்டயா?" ஆகவே நாங்கள் பெண்ணின் அம்மாவைக் கேட்போம், மாமியாரைக் கேட்போம், பக்கத்து வீட்டைக்கூடக் கேட்போம். சாப்பிடப் போகிறவளை மட்டும் கேட்க மாட்டோம்.

அரிசிக் கட்டுப்பாடு நீங்கிய புதிது. வருஷக்கணக்காக அளந்து அளந்து வாங்கித் தின்ற ஜனங்களுக்கு, பந்தியில் வெள்ளைச் சோற்றைக் குவித்துப் பார்க்க ஒரு வெறியே பிடித்திருந்தது. அப்போதுதான் பாரூரிலிருந்து செல்லம்மாள் என்ற அம்மாள் எங்களுக்கு ஆள் விட்டார். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற வீடு. ஒரே மகள் சரோஜா. தளிக்கு அந்தப் பக்கம், காட்டோரம், ஜவளகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் நிலம் நிறைய. ஆனால் மேட்டு நிலம், ராகி பூமி.

நானும் கங்கம்மாக்காவும் பாரூருக்குப் போய் உட்கார்ந்தோம். செல்லம்மாள் நெல் குதிரைத் தட்டிக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"பாரூர்ல காக்காகூட நெல்லுச் சோறுதான் தின்னும். எம் பொண்ணு மூணு வருசமா அந்தக் காட்டுல களியப் பாத்துப் பாத்து நொந்து போயிருப்பா. கட்டுச்சோறு ஏழு வகையும் நம்மூட்டு அரிசில. வாயில வெச்சாக் கரையணும்."

கட்டுச்சோறு என்றால், வளைகாப்பன்று பிறந்த வீட்டார் கலந்த சோறு ஏழு வகை கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் பந்தி போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வருவது. அந்தச் சோறு பிறந்த வீட்டு அடுப்பில்தான் ஆக வேண்டும் என்பது செல்லம்மாள் வீட்டு வழக்கம். பாரூர் எங்கே, ஜவளகிரி எங்கே? சமைத்து எடுத்துப் போனால் தேங்காய்ச் சோறு பாதி வழியிலேயே கெட்டுவிடும்.

கங்கம்மாக்கா புழக்கடைக்குப் போய் அங்கே இருந்த பெரிய அடுப்பைச் சுற்றி வந்தார். கரி ஏறி யானைக்குட்டி முதுகு மாதிரிக் கறுத்த மூன்று கல்.

"சோத்த எதுக்கு எடுத்துக்கினு போறது? அடுப்ப எடுத்துக்கினு போவலாம்" என்றார்.

செல்லம்மாள் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி ஒரு வேலையில் இருக்கிறோமே என்று குதிக்கத் தோன்றியது. ஒரு வீட்டின் அடுப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதை யார் பார்த்திருக்கிறார்கள்?

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "மொதப் புள்ள அங்கதான் பொறந்துது. மழைக்காலம். காட்டு வழில யானை நிக்குதுன்னு மருத்துவச்சியக் கூட்டியார முடியல. தங்கல. இந்தத் தடவ எங்கூட்டுலதான் பெறணும். கிருஷ்ணகிரில டாக்டரம்மா இருக்காங்க, வண்டி கட்டினாப் போயிடலாம். ஆனா சம்பந்தியம்மா ஒரு வார்த்த சொல்லி அனுப்பிச்சிருக்காங்க."

"என்னான்னு?"

"‘பந்தியில உக்காந்து அவ இலை காலியாவணும். காலியானா அனுப்பறேன். இல்லன்னா எங்கூட்டுலயே இருக்கட்டும்’னு."

கேட்டதும், படிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்த கங்கம்மாக்கா நிறுத்திவிட்டார். "இதென்னாம்மா, பொண்ணக் கூட்டியாரப் போறமா, பரீச்ச எழுதப் போறமா?"

"பொண்ணுக்கு எது இறங்கும்னு ஒரு ஆள உட்டுக் கேட்டுக்கலாமே" என்று நான் வாயைத் திறந்தேன். "சும்னிரே" என்று முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

ஆகவே செல்லம்மாள் சொன்னபடியே போட்டோம். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, மாங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. மாங்காய் காய்த்துத் தொங்குகிற காலம். கிருஷ்ணகிரித் தோப்பில் கல்லால் அடிக்காமலே விழும். சரோஜா சிறுமியாக இருந்தபோது மாங்காய்ச் சோற்றுக்கு உயிரை விடுவாளாம். செல்லம்மாள் ராயக்கோட்டைக்கு அனுப்பிவைத்த அரிசியைப் புடைத்து, உடைந்த நொய்யையெல்லாம் தனியாக ஒதுக்கி ஒரு துணிப்பையில் கட்டினேன். கலந்த சோற்றில் ஒரு நொய் கலந்தாலும் குழையும்; பருக்கைக்குப் பருக்கை முகம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும், கோபித்துக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி. நொய் எங்கள் காலைக் கஞ்சிக்கு ஆகும் என்று பையையும் லாரியில் போட்டேன்.

அந்த லாரிப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நடுவில் அடுப்புக் கற்கள், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு. சுற்றிலும் பாரூர்ப் பெண்கள். ராயக்கோட்டையில் எங்களை ஏற்றிக்கொண்டபோது சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்கள். "எந்த ஊரு சாமி?" என்று ஒருவர் கேட்டார். "அடுப்புச் சாமி" என்றார் கங்கம்மாக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். ராஜ்யங்களை மொழிப்படி பிரிக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்த சமயம். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் டிரைவர் கேட்டார்: "இந்த ஊருங்கல்லாம் மெட்ராஸ்ல இருக்குமா, மைசூருக்குப் போவுமா, என்னாக்கா நெனைக்கறீங்க?" கங்கம்மாக்கா சொன்னார்: "எந்தப் பக்கம் போனா என்னாப்பா, பசி நம்ம பக்கந்தான் இருக்கும்."

ஜவளகிரி எல்லையில் ஒரு புளியந்தோப்பில் கற்களை இறக்கி, மறுநாள் காலையில் அடுப்பு மூட்டினோம். மளமளவென்று வேலை ஓடியது. சோற்றை வடித்து, வாழை இலை விரித்த பாயில் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து, விசிறி ஆற்றினோம். முந்தின நாளே காய்ச்சிய புளிக்காய்ச்சலை முதலில் கலந்தோம். அது ஊற ஊறத்தான் ருசி. எலுமிச்சையை அடுப்பில் வைத்துப் பிழியக் கூடாது, கசந்துவிடும். தாளிப்பை இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும். தேங்காய் கடைசி. தயிர்ச்சோற்றைப் பாலில் குழைத்து ஒரு கை மோர் விட்டால் பந்தி போடுகிற நேரத்துக்குத் தானே தயிராகிவிடும். காட்டுக் காற்றில் எள் வறுத்த வாசனை ஏறியது. கங்கம்மாக்கா காதைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். ஒரு பருக்கை குழையவில்லை. ஏழு தூக்குகளையும் தலையில் ஏற்றி, மேளத்தோடு ஊருக்குள் நுழைந்தபோது ராஜா சவாரி தோற்றது போங்கள்.

சம்பந்தி வீட்டு வாசலில் மாமியார் கெம்பம்மா நின்றார். உயரமான, எலும்பும் நரம்புமான அம்மாள். வாயில் வெற்றிலை. "வாங்க வாங்க, அடுப்பெல்லாம் தூக்கிக்கினு வந்தீங்களாமே. நம்மூட்டுல அடுப்பே இல்லன்னு நெனச்சீங்களா சம்பந்தியம்மா?" என்றார். செல்லம்மாள் விடுவாரா? "இருக்கும், அரிசி வெந்த அடுப்பான்னுதான் தெரியல" என்றார். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கல் இருந்தது.

வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, பூச்சூட்டி எல்லாம் நல்லபடியாக நடந்தது. சரோஜா ஒடிசலான பெண். ஆனால் வாடிப் போனவள் இல்லை. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் புதிராகப் பட்டது. இலை போட்டார்கள். ஏழு சோறும் ஏழு குவியலாக அவள் இலையில் இறங்கின. எதிரே கெம்பம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து இலையையே பார்த்தார். செல்லம்மாள் மகளின் முகத்தையே பார்த்தார்.

சரோஜா மாங்காய்ச் சோற்றில் கை வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். கை நின்றது. முகம் வெளுத்தது. இலையை விட்டு எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிட்டாள்.

கூடத்தில் மேளக்காரர் கையும் நின்றுவிட்டது. "சோத்து மேலருந்து எழுந்துட்டாளே" என்று ஒரு கிழவி முனகினாள். கெம்பம்மா அதட்டவில்லை, களைத்த குரலில் சொன்னார்: "நோடிதிரா? பாத்தீங்களா? இவள எப்பிடிம்மா இம்மாம் தூரம் அனுப்பறது?"

செல்லம்மாளின் கண் கலங்கி நின்றது. கங்கம்மாக்கா எண்ணாமல், திட்டாமல், கொஞ்சாமல் நின்றார். அவரை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். வாய் கொப்பளிக்கச் சொன்னேன், முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு கேட்டுவிட்டேன். சட்டமாவது ஒன்றாவது.

"கண்ணு, உனக்கு என்னாதான் இறங்கும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இவ்வளவு நாளாக யாரும் கேட்காத கேள்வி என்று அந்தப் பார்வையே சொல்லிவிட்டது.

"முத்தெ" என்றாள். கன்னடக்காரர்கள் ராகிக் களி உருண்டையை அப்படித்தான் சொல்வார்கள். "அரிசிச் சோத்து வாசன பட்டாலே கொடலு பொரளுது. தலை முழுகாம ஆனதுலருந்து அத்தைதான் ரெண்டு வேளையும் கதவச் சாத்திக்கினு எனக்குக் களி கிண்டிப் போடறாங்க."

"கதவு எதுக்கு?"

"நெல்லுச்சோத்து ஊட்டுப் பொண்ணுக்குக் களியப் போட்டே கெடக்கறாங்கன்னு ஊரு பேசும்ல. வெளியில கேட்டா மருமகளுக்கு தெனம் அரிசிதான்னு சொல்லுவாங்க. நீங்க எங்கம்மா கிட்டச் சொல்லிடாதீங்கக்கா. அத்தை மானம் போயிடும்."

கன்னத்து மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. ‘ஹிட்டு தின்றவன் பெட்டத்தைப் பிடுங்குவான்’ என்று கன்னடத்தில் ஒரு பேச்சு உண்டு. மாவு தின்றவன் மலையையே பெயர்ப்பானாம்.

"தெனமும் தின்றதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆசன்னு சொல்றேன்" என்றேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். அவளுக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

கூடத்துக்கு வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன்: "பொண்ணு ஆசப்பட்டுட்டாம்மா. வாய்விட்டுச் சொல்லிட்டா. களி வேணுமாம்."

கூடத்தில் கசமுச என்று ஆயிற்று. கங்கம்மாக்கா என்னை முறைத்தார், ‘கேட்டியா?’ என்று கண்ணாலேயே கேட்டார். ‘கேட்டேன்’ என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

செல்லம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கூட்டுக் கட்டுச்சோத்துலயா? களியா? பாரூர்ல கேட்டா என்னாம்மே சொல்லுவாங்க?"

கங்கம்மாக்கா இடுப்பில் கை வைத்தார். என்னைக் கோபித்துக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார் போலும். "பாரூரு என்னா சொல்லும்னு அப்பறம் பாக்கலாம். பேரப்புள்ள காதுல சீழு வடிஞ்சா என்னா சொல்லுவாங்கன்னு இப்ப பாருங்க. ஒங்களுக்குக் கௌரவம் வேணுமா, காது வேணுமா?"

காது என்றதும் செல்லம்மாள் இறங்கி வந்தார். கெம்பம்மா மெல்ல வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘தினமும்’ என்று நான் சொல்லவில்லை, ‘ஆசை’ என்றுதான் சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுல அரிசி எங்க இருக்குது?" என்று பாரூர்ப் பெண் ஒருத்தி இழுத்தாள். "கட்டுச்சோறுன்னா சோறு வேணாமா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கத்தில் களிக்கு முதலில் நொய்யைத்தான் வேக வைப்போம், அதன் மேல்தான் மாவு; மாவு வெந்த வாசனையில் அரிசி வாசனை தெரியவே தெரியாது. "நொய் இருக்குதே" என்றேன். "பாரூரு நெல்லுல பொடச்ச நொய்யி. நான் கட்டி எடுத்தாந்திருக்கேன்."

"மாவு?" என்றார் செல்லம்மாள், சின்னக் குரலில்.

எல்லாரும் கெம்பம்மாவைப் பார்த்தார்கள். மாவைச் சம்பந்தியிடம் கேட்க வேண்டும். செல்லம்மாள் தலையை நிமிர்த்தி, இறக்கி, மறுபடி நிமிர்த்தி, கடைசியில் கேட்டார்: "ஒரு படி ராகி மாவு குடுங்க சம்பந்தியம்மா."

கெம்பம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு முறம், முறத்தில் பட்டுப்போல் சலித்த மாவு. அந்தச் சலிப்பைப் பார்த்தாலே தெரியும், விருந்தாளிக்காக அன்றைக்குச் சலித்ததில்லை. ஒருத்திக்காகத் தினமும் சலிக்கிற கை.

புளியந்தோப்புக்கு ஊரே எங்கள் பின்னால் வந்தது. அதே மூன்று கல், பாரூர் அடுப்பு. செல்லம்மாள் தானே கிண்டுகிறேன் என்று முந்தானையைச் செருகினார். பிறந்த வீட்டுக் கை பட வேண்டுமாம். வாழ்நாளில் களிக்கோல் பிடித்ததில்லை. பானையில் நொய் வெந்து மலர்ந்ததும் மாவை நடுவில் கோபுரமாகக் கொட்டினேன். கிளறக் கூடாது, கோலின் காம்பால் நடுவே ஒரு துளை போட்டு மூடிவிட வேண்டும், ஆவி அடியிலிருந்து மாவுக்குள் ஏறி வேக வைக்கும். கொதிதண்ணியைக் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும், களி இறுகினால் விட. மாவு வெந்த வாசனை வந்ததும் பானையை இறக்கி, இரண்டு கவைக்கோலால் கழுத்தைக் கவ்விப் பிடித்து, ஒரே மூச்சில் கிண்ட வேண்டும். நின்றால் கட்டி விழும்.

செல்லம்மாள் இரண்டு சுற்றுச் சுற்றினார், நின்றார், மூச்சு வாங்கினார். பானை ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டி கட்டியாக மாவு எட்டிப் பார்த்தது.

பார்த்துக்கொண்டிருந்த கெம்பம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, தள்ளுங்க, அப்பிடி இல்ல" என்று ஓடி வந்து உட்கார்ந்து கவைக்கோலைப் பிடித்து அழுத்தினார். "இப்பக் கிண்டுங்க. ஓரத்துலருந்து நடுவுக்கு. எறும்பக் கொல்ற மாதிரி இல்ல சம்பந்தியம்மா, எருமையப் புடிச்சுத் தள்ற மாதிரி."

"நீங்க மொதல்ல பானையப் புடிங்க, பேச்ச அப்பறம் புடிங்க."

இரண்டு பேரும் வியர்த்து வழிந்தார்கள். ஒருவர் கிண்ட, ஒருவர் பிடிக்க, ஊர்ப் பெண்கள் "ஆங், ஆங்" என்று தாளம் போட்டார்கள். கட்டியெல்லாம் கரைந்து, களி பளபளவென்று திரண்டு பானைச் சுவரை விட்டு விலகி வந்தது. கங்கம்மாக்கா பக்கத்தில் வந்து காதைச் சாய்த்தார். "ஆச்சு" என்றார். ஈர விரலால் தொட்டேன், ஒட்டவில்லை.

களிப் பானையைச் சம்பந்தி வீட்டுக் கூடத்துக்குத் தூக்கிவந்து, தண்ணீர் தொட்டு உருட்டி, இலையில் வைத்து, நடுவில் குழித்து வெல்லப்பொடி போட்டு, சர்க்கரைப் பொங்கலுக்கென்று கொண்டுவந்த நெய்யை ஊற்றினேன். குழி நிறைந்து நாலு பக்கமும் ஒழுகியது. ‘கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே’ என்று பழமொழி சொல்கிறவர்கள் அன்று ஜவளகிரிக்கு வந்திருக்க வேண்டும். வடிந்தது. கண்ணால் பார்த்தேன்.

ஏழு வகைச் சோற்றையும் அவளுக்கு வாசனை படாத தூரத்தில் உட்கார்ந்த சுமங்கலிகளுக்குப் பரிமாறினோம். சரோஜா இலையில் களி மட்டும். அவள் பிட்டு, நெய்யில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினாள். காட்டோரத்துப் பிள்ளைகள் விழுங்குகிற அதே லாகவம். செல்லம்மாள் அந்த லாகவத்தைக் கவனித்தார். ஒரு உருண்டை போயிற்று. "இன்னொண்ணு" என்றாள் சரோஜா. அதுவும் போயிற்று. கடைசியில் இலையில் வழிந்து கிடந்த நெய்யை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

இலை காலி.

கெம்பம்மா அந்த இலையைத் தானே மடித்து எடுத்தார். வேறு யாரையும் எடுக்க விடவில்லை.

லாரி புறப்படுகிற நேரம். சரோஜாவுக்கு டிரைவர் பக்கத்தில் வைக்கோல் போட்டு மெத்தை விரித்திருந்தோம். அடுப்புக் கற்களைச் சூடு ஆறாமலே ஏற்றியாயிற்று. கெம்பம்மா ஆளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை ராகி மாவை ஏற்றச் சொன்னார். பிறகு தன் வீட்டுக் களிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து செல்லம்மாள் கையில் திணித்தார்.

"ஆச ஒரு நாளோட போவாது சம்பந்தியம்மா. ரெண்டு வேளையும் கிண்டணும். அங்க வந்தா அரிசி அரிசின்னு வெச்சு எம் மருமகளப் பட்டினி போட்டுடுவீங்களோன்னுதான் இலையக் காலி பண்ணட்டும்னு சொன்னேன்."

செல்லம்மாள் கோலை வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சுது" என்றார். "உங்க மருமக முழுங்கின வேகத்துலயே தெரிஞ்சுது, இது இன்னிக்கி நேத்து ஆசயில்லன்னு. நீங்க கதவச் சாத்தாமலே கிண்டியிருக்கலாம் சம்பந்தியம்மா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் கல் இல்லை. ராயக்கோட்டையில் நாங்கள் இறங்குகிற வரைக்கும் அந்த அம்மாள் களிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை. செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கிய பிறகு கங்கம்மாக்கா என்னைக் கன்னடத்தில் வெகு நேரம் திட்டினார். முடிவில் தமிழுக்கு வந்தார்: "அடுத்த வளைகாப்புக்கும் நீயே போயிக் கேளு. ஆனா நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாத."

அதற்குப் பிறகு எத்தனையோ வளைகாப்பு. கேட்டுக் கேட்டு நான் மாட்டிக்கொண்ட கதைகள் தனி; சீத்தாப்பழமும் கேட்டார்கள், சுட்ட சோளக்கதிரும் கேட்டார்கள், ஒருத்தி தன் மாமியார் கையால் ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும் என்று கேட்டு எங்களைக் கதிகலங்க வைத்தாள். ஓசூரில் ஃபேக்டரிகள் வந்து நான் கேன்டீனில் சேர்ந்தபோதும் இந்தப் புத்தி போகவில்லை. மேனேஜர் மெனுவை எழுதி ஒட்டினார்; நான் மெஷின் பக்கம் போய் "என்னாப்பா இறங்கும்?" என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் களி வந்தது அப்படித்தான். அன்றைக்குத் தட்டோடு நிற்கிற வரிசை கேட் வரைக்கும் போகும்.

சேகர் மறுநாளே போன் செய்தான். "கேட்டுட்டேன்க்கா. பஸ் ஸ்டாண்டு பேக்கரி பன்னு வேணுமாம். வளைகாப்புப் பந்தியில பன்ன வெச்சா எங்க மாமியா என்னா சொல்லுவாங்க?"

"கேட்டுட்ட இல்ல? வெச்சுத்தான் ஆவணும். மேல நெய்ய ஊத்து" என்றேன்.

சரோஜாவுக்குப் பாரூரில் பெண் குழந்தை பிறந்தது. கிருஷ்ணகிரி டாக்டரம்மா வந்திருந்து பார்த்தாராம். தாயும் பிள்ளையும் நல்ல சுகம். ராயக்கோட்டைச் சந்தைக்கு வந்த செல்லம்மாள் என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டுவிட்டு மற்றதைச் சொன்னார். சேதி கேட்டுக் கெம்பம்மா ஜவளகிரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாராம். கால் கழுவியதும் தொட்டிலுக்குக் குனிந்தவர், பிள்ளையின் தலையை இந்தப் பக்கம் திருப்பி ஒரு காதைப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பி இன்னொரு காதைப் பார்த்தார். "ரெண்டும் சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பேத்தியின் முகத்தைப் பார்த்தாராம்.